ஷீல்டு வாங்கியவர் யார் பக்கம்?

கோயம்புத்தூரிலிருந்து அன்னூர், அவிநாசி, பல்லடம், பொள்ளாச்சி என்று எந்தப் பக்கம் பஸ் ஏறினாலும், கொஞ்ச தூரத்திலேயே ஒரு மோட்டார் வைண்டிங் கடை கண்ணில் பட்டுவிடும். வாசலில் ஆள் உயரத்துக்குச் சாத்திவைத்த சப்மெர்சிபிள் மோட்டார்கள். உள்ளே சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்திலேயே வரிசையாக ஷீல்டுகள். ‘சிறந்த மெக்கானிக்’ என்று எழுதி, ஏதாவது ஒரு மோட்டார் கம்பெனி கொடுத்தவை. கூடவே, கம்பெனி செலவில் பாங்காக்கோ மலேசியாவோ போனபோது கூலிங்கிளாஸ் போட்டுக்கொண்டு எடுத்த குரூப் போட்டோ.

கடைக்கு வரும் ஒரு விவசாயிக்கு அந்த ஷீல்டு தைரியம் கொடுக்கிறது. “கம்பெனியே கூப்பிட்டு மரியாதை செஞ்சிருக்குதுன்னா, ஆளு விஷயம் தெரிஞ்சவராத்தான் இருக்கோணும்” என்று நினைக்கிறார். பக்கத்தில் நிற்கிற இன்னொருவருக்கு அதே ஷீல்டு சந்தேகம் கொடுக்கிறது. “அப்ப இவரு அந்தக் கம்பெனி ஆளு. அவங்க மோட்டாரைத்தான் நம்ம தலையில கட்டுவாரு” என்று யோசிக்கிறார். இரண்டு பேர் நினைப்பதிலும் நியாயம் இருக்கிறது.

ஒரு கம்பெனி கௌரவித்த நிபுணர், அந்தக் கம்பெனியின் பொருளைப் பற்றி நம்மிடம் உண்மையைச் சொல்வாரா? இந்தக் கேள்வி மோட்டாரோடு நிற்பதில்லை. பெயிண்ட் டப்பாவுக்குள் பெயிண்டருக்கென்று ஒரு டோக்கன் இருக்கிறது. சிமென்ட் கம்பெனிகள் கொத்தனார்களை மண்டபத்துக்கு அழைத்து விருந்து வைக்கின்றன. கிரைண்டர் முதல் செல்போன் வரை அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துச் சொல்லும் யூடியூப்காரர்களுக்குப் பொருள் இலவசமாக வீட்டுக்கே வருகிறது. நாம் எதை வாங்கலாம் என்று யாரிடம் கேட்கிறோமோ, அவருக்கும் விற்கிறவருக்கும் நடுவில் ஏதோ ஒரு கயிறு ஓடிக்கொண்டேதான் இருக்கிறது.

எங்கள் குடும்பத்தில் இந்தக் கேள்வி இரண்டு பேரைச் சுற்றி வந்தது. ஒருவர், அன்னூர் பக்கம் முப்பது வருடம் வைண்டிங் கடை நடத்திய என் சித்தப்பா. இன்னொருவன், சரவணம்பட்டியில் சாஃப்ட்வேர் வேலை பார்க்கும் என் அண்ணன் மகன். இரண்டு பேருமே கம்பெனி கையால் பட்டம் வாங்கியவர்கள்.

ஆயிரம் அடிக்குக் கீழே

மோட்டார் வாங்குவதில் என்ன பெரிய விஷயம் என்று டவுன்காரர்கள் நினைக்கலாம். அன்னூர், அவிநாசி வட்டாரத்தில் ஆயிரம் அடி தாண்டிய போர் சாதாரணம். அத்திக்கடவு – அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டு, குளங்களுக்குத் தண்ணீர் வரும்வரை பல ஊர்களுக்கு போர் ஒன்றே கதி. போர் ஓட்டிய கடனோடு, மோட்டார், பைப், கேபிள் என்று மேலும் ஒரு பெரிய தொகையை அந்தக் குழிக்குள் இறக்குகிறார் விவசாயி. இறக்கிய பிறகு அது கண்ணுக்குத் தெரியாது. கழற்றி மேலே எடுக்க வேண்டுமென்றால் தனியாகக் கூலி, வண்டி வாடகை.

எத்தனை ஹெச்.பி., எத்தனை ஸ்டேஜ் என்பதில்தான் சூட்சுமம். ஒவ்வொரு ஸ்டேஜும் தண்ணீரை இன்னும் கொஞ்சம் உயரத்துக்குத் தள்ளும். ஸ்டேஜ் போதவில்லை என்றால் தண்ணீர் மேலே வராது. ஊற்று கம்மியான போரில் பெரிய பம்பை இறக்கினால், தண்ணீரை மளமளவென்று இழுத்துவிட்டு, பிறகு தண்ணீர் இல்லாமல் ஓடிக் கருகிவிடும். இதையெல்லாம் விவசாயி தானாகக் கணக்குப் போட முடியாது. மெக்கானிக் சொல்வதுதான் வாக்கு.

இன்னொன்றும் இருக்கிறது. தமிழ்நாட்டில் விவசாயத்துக்கு மின்சாரம் இலவசம். அது பெரிய உதவி. ஆனால், எந்த மோட்டார் எவ்வளவு கரண்ட் குடிக்கிறது என்று காட்டிக்கொடுக்கும் பில் விவசாயி கைக்கு வருவதில்லை. வீட்டு ஃப்ரிட்ஜ் சரியில்லை என்றால் அடுத்த பில்லில் நமக்குத் தெரிந்துவிடும். தோட்டத்து மோட்டாரில் அந்த வழியும் இல்லாததால், மெக்கானிக்கின் வாய்வார்த்தைக்கு மதிப்பு இன்னும் கூடிவிடுகிறது.

ஷீல்டோடு வந்த நல்லது

சித்தப்பா முதல் ஷீல்டு வாங்கியபோது வீட்டில் பொங்கல் மாதிரி இருந்தது. சித்தி அதற்குத் தினமும் துணி போட்டுத் துடைப்பார். பத்தாவது தாண்டாத ஒரு மனிதருக்கு மேடையில் சால்வை போட்டார்கள் என்பது சின்ன விஷயம் இல்லை.

சால்வையோடு வேறு சில நன்மைகளும் வந்தன. கம்பெனி அவரைத் தொழிற்சாலைக்குக் கூப்பிட்டு இரண்டு நாள் பயிற்சி கொடுத்தது. புது மாடல் கடைக்கு வரும் முன்பே அதைப் பிரித்துப் பார்க்க விட்டார்கள். ஏதாவது புரியவில்லை என்றால் நேராக சர்வீஸ் இன்ஜினீயருக்கே போன் போடலாம். மற்ற கடைகளில் ஒரு வாரம் காத்திருக்க வேண்டிய ஸ்பேர் இவருக்கு மறுநாள் வந்துவிடும். இவற்றால் லாபம் அடைந்தவர்கள் எங்கள் ஊர் விவசாயிகள்தான். வெயில் காலத்தில், வாழை வாடிக்கொண்டிருக்கும்போது, ஒரு நாள் முன்னால் மோட்டார் ஓடுவது எவ்வளவு பெரிய விஷயம் என்று வாழை வைத்தவர்களைக் கேட்டால் சொல்வார்கள்.

அதனால், ‘கம்பெனிப் பட்டம் வாங்கியவர் எல்லாம் விலைபோனவர்’ என்று ஒரேயடியாகச் சொல்கிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. பட்டம் வாங்கியவருக்கு உண்மையிலேயே கூடுதலாகத் தெரிந்திருக்கிறது.

பொய் இல்லை, பார்வை குறைந்தது

அப்படியானால் சிக்கல் எங்கே? சித்தப்பா கடையில் கவனித்தவரை, ஷீல்டு அவரை ஒரு நாளும் பொய் சொல்ல வைத்ததில்லை. அது வேறு ஒன்றைச் செய்தது.

வைண்டிங் கடைக்காரர் ஒருவருக்குக் கிடைக்கிற அறிவு விசித்திரமானது. புது மோட்டாரை விற்கிறவருக்கு அது ஓடும் அழகுதான் தெரியும். வைண்டிங்காரரின் மேஜைக்கு வருவது எரிந்துபோன மோட்டார். எல்லாக் கம்பெனி மோட்டாரும் வரும். காயில் கருகியிருக்கும் விதத்தைப் பார்த்தே, வோல்டேஜ் குறைவா, ஒரு ஃபேஸ் போய்விட்டதா, தண்ணீர் இல்லாமல் ஓடியதா என்று சித்தப்பா சொல்லிவிடுவார். எந்தக் கம்பெனி கம்பியின் மேலுறை சீக்கிரம் விட்டுப்போகிறது, எதில் பேரிங் நிற்கிறது என்பதெல்லாம் எந்த விளம்பரத்திலும் இல்லாமல் அவர் விரல்நுனியில் இருந்தது.

பிறகு, ஷீல்டு கொடுத்த கம்பெனி அவரைத் தங்கள் அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டர் ஆக்கியது. பெரிய போர்டு மாட்டினார்கள். வருமானம் நிலையாக வந்தது. ஆனால், அந்த போர்டைப் பார்த்ததும் மற்றக் கம்பெனி மோட்டார் வைத்திருந்தவர்கள் வேறு கடைக்குப் போனார்கள். இரண்டு மூன்று வருடத்தில் அவர் மேஜை மேல் ஒரே கம்பெனி மோட்டார்தான் கிடந்தது.

அப்போது யாராவது வந்து, “அண்ணா, எந்த மோட்டாருங்க நல்லது?” என்று கேட்டால், அவர் தனக்குத் தெரிந்ததைச் சொன்னார். தெரிந்தது ஒன்றுதான். நான் ஒருமுறை, “ஏன் சித்தப்பா, மத்த கம்பெனி பத்தி ஒண்ணுமே சொல்றதில்ல?” என்று கேட்டேன். “தெரியாததைப் பத்தி எப்படிச் சாமி நல்லது கெட்டது சொல்றது?” என்றார். அந்தப் பதிலில் நேர்மை இருந்தது. கேட்க வந்தவருக்கு வேண்டிய ஒப்பீடு மட்டும் இல்லை.

நிபுணர்கள் காசு வாங்கிக்கொண்டு பொய் பேசுவார்கள் என்றுதான் பொதுவாக பயப்படுகிறோம். அது அபூர்வமாக நடப்பது. அடிக்கடி நடப்பது இதுதான்: பார்க்கிற வட்டம் சுருங்கிவிடுகிறது. மனதார நம்பியே ஒரே பொருளைப் பரிந்துரைக்கிறார்கள்.

தினமும் முழிக்க வேண்டிய முகங்கள்

ஆனாலும் சித்தப்பாவிடம் சுதந்திரம் முழுதாகச் செத்துவிடவில்லை. ஒரு வருடம் அந்தக் கம்பெனியின் ஒரு மாடலில், கீழே பாரம் தாங்கும் திரஸ்ட் பேரிங் சீக்கிரமே தேய்ந்துவந்தது. ஒன்று, இரண்டு, ஐந்து என்று ஒரே கோளாறோடு வந்தன. அவர் கம்பெனிக்குச் சொன்னார். “பார்க்கிறோம், அதுவரைக்கும் வெளியில பேச வேண்டாம்” என்று பதில் வந்தது. குடோனிலோ அதே மாடல் இருபது நிற்கிறது.

அந்த சீசனில் அந்த மாடல் கேட்டு வந்தவர்களிடம் அவர் சொன்னது ஒரே வரி: “இது இப்ப வேண்டாமுங்க. ரெண்டு மாசம் போகட்டும்.” காரணம் கேட்டவர்களுக்குக் காரணத்தையும் சொன்னார். விஷயம் கம்பெனி காதுக்குப் போனது. அடுத்த வருடக் கூட்டத்துக்கு அழைப்பு வரவில்லை. டூர் போகிறவர்கள் பட்டியலில் பெயர் இல்லை.

சித்திக்குத்தான் வருத்தம். “வாயை மூடிட்டு இருந்திருந்தா சிங்கப்பூர் போயிருக்கலாம்” என்று கொஞ்ச நாள் சொல்லிக்கொண்டிருந்தார். சித்தப்பா சிரித்துக்கொண்டே சொன்ன பதில் இன்னும் நினைவிருக்கிறது. “கம்பெனிக்காரரு வருஷத்துக்கு ஒருக்கா வர்றாரு. இவங்க மூஞ்சில நான் தினமும் முழிக்கோணுமே. கல்யாணத்துல பக்கத்து எலையில உக்காந்து சாப்புடோணுமே!”

அவருக்குப் பெரிய தத்துவம் எதுவும் தெரியாது. ஆனால், இந்தக் கேள்விக்கு எனக்குக் கிடைத்த பதில்களில் அதுதான் உருப்படியானது. ஒருவர் யாரிடம் பட்டம் வாங்கினார் என்று மட்டும் பார்த்தால் போதாது. அவர் சொன்னது பொய்த்துப்போனால் யாருக்குப் பதில் சொல்ல வேண்டும் என்றும் பார்க்க வேண்டும். சித்தப்பா சந்தைக்கும் டீக்கடைக்கும் பதில் சொல்ல வேண்டியவர். அந்தக் கட்டாயம் ஷீல்டை விடக் கனமானது.

வருடா வருடம் புதுப்பிக்கும் பட்டம்

என் அண்ணன் மகனுக்கு அப்படிப்பட்ட டீக்கடை கிடையாது. அவன் எழுதும் தொழில்நுட்பக் குறிப்புகளைப் படித்து முடிவெடுக்கிறவர் நொய்டாவில் இருக்கலாம், நைரோபியில் இருக்கலாம். ஒரு வெளிநாட்டு மென்பொருள் கம்பெனி அவனை நிபுணர் என்று அங்கீகரித்துப் பட்டம் கொடுத்தபோது, ஊருக்கே ஜிலேபி கொடுத்தோம்.

சம்பளம் கிடையாது. ஆனால், புது வசதிகளை முன்கூட்டியே காட்டுகிறார்கள். அதை உருவாக்கும் இன்ஜினீயர்களோடு பேசலாம். மாநாட்டுக்குக் கூப்பிடுகிறார்கள். வெளியில் சொல்லக் கூடாத விஷயங்களுக்கு ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்கிறார்கள். பட்டம் ஒரு வருடத்துக்குத்தான். அடுத்த வருடம் மறுபடியும் அவர்கள் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

“உன்னைப் புகழ்ந்து எழுதச் சொல்றாங்களா கண்ணு?” என்று கேட்டேன்.

“இல்ல அத்தை. ஒரு தடவைகூடச் சொன்னதில்ல” என்றான். கொஞ்சம் யோசித்துவிட்டு, “ஆனா, குறை சொல்லி எழுதறப்ப மட்டும் ரெண்டு தடவை படிச்சுப் பாக்கறேன். பாராட்டி எழுதறப்ப ஒரு தடவைதான் படிக்கிறேன்” என்றான்.

அந்த ஒரு தடவைக்கும் இரண்டு தடவைக்கும் நடுவில்தான் எல்லாம் இருக்கிறது. யாரும் மிரட்டவில்லை, பேரம் பேசவில்லை. ஜூன் மாதம் வந்தால் பட்டம் தொடருமா என்ற நினைப்பு மட்டும் எழுதுகிறவன் தோளில் கை போட்டுக்கொண்டு நிற்கிறது.

நூறு பேர் கேட்ட கேள்வி

இந்த வகைப் பட்டங்களில் பழையதும் பிரபலமானதும் மைக்ரோசாஃப்டின் எம்.வி.பி. பட்டம். 1993-ல் தொடங்கியது. மற்ற பயனாளிகளின் சந்தேகங்களுக்குச் சம்பளமில்லாமல் பதில் சொல்லி உதவியவர்களைத் தேர்ந்தெடுத்துக் கொடுத்தார்கள். கம்பெனி கொடுத்த பட்டம்தானே, இவர்கள் கம்பெனியை எதிர்ப்பார்களா என்று கேட்டால், 2005-ல் நடந்ததைச் சொல்லலாம்.

அப்போது விஷுவல் பேசிக் 6 என்ற மென்பொருள் மொழியில் உலகமெங்கும் எண்ணற்ற நிறுவனங்கள் தங்கள் கணக்கு, சரக்கு வேலைகளை எழுதி வைத்திருந்தன. அதற்குப் பின்னால் வந்த டாட்நெட் மொழி பழையதோடு ஒத்துப்போகவில்லை. பழைய மொழிக்குக் கொடுத்துவந்த முழு ஆதரவை 2005 மார்ச் மாதத்தோடு நிறுத்துவதாக மைக்ரோசாஃப்ட் சொன்னது. அந்த மாதத்திலேயே நூற்றுக்கும் மேற்பட்ட எம்.வி.பி.க்கள் சேர்ந்து, பழைய மொழியைக் கைவிடாதீர்கள் என்று பகிரங்கமாக ஒரு மனுவில் கையெழுத்துப் போட்டார்கள். மைக்ரோசாஃப்ட் தன் முடிவை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால், அதே கம்பெனியின் பட்டத்தைச் சட்டையில் குத்திக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்தார்கள் என்பது பதிவாகிவிட்டது.

அவர்களுக்கு அந்தத் துணிச்சல் எங்கிருந்து வந்தது? அவர்களில் பலர் அந்த மொழியை வைத்தே வாடிக்கையாளர்களுக்கு வேலை செய்து பிழைத்தவர்கள். எழுதிக் கொடுத்தது நின்றுபோனால் வாடிக்கையாளர் கேட்பது இவர்களைத்தான். அன்னூர் சித்தப்பாவுக்கு இருந்த அதே கட்டாயம் அவர்களுக்கும் இருந்தது. ஒருவராக இல்லாமல் நூறு பேராகப் பேசியதும் உதவியிருக்கும். ஒருவரின் பட்டத்தைப் புதுப்பிக்காமல் விடுவது சுலபம்.

நோயாளியால் சோதிக்க முடியாது

மோட்டார் விஷயத்தில் ஒரு வசதி உண்டு. மெக்கானிக் சொன்னது சரியா என்று தண்ணீரே சொல்லிவிடும். மென்பொருளும் அப்படியே, ஓடினால் ஓடும். மருந்து அப்படியில்லை. டாக்டர் எழுதிய மாத்திரைக்குப் பதில் வேறு மாத்திரை எழுதியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நோயாளிக்கு ஒருநாளும் தெரியாது.

அதனால்தான் அங்கே வெறும் மனசாட்சியை நம்பாமல் விதி போட்டார்கள். மருந்துக் கம்பெனிகளிடமிருந்து டாக்டர்கள் பரிசு, பயணம், விருந்தோம்பல் எதுவும் ஏற்கக் கூடாது என்று இந்திய மருத்துவக் கவுன்சில் 2009 டிசம்பரில் விதியைத் திருத்தியது. அதன்பிறகு சென்னையைச் சேர்ந்த அபெக்ஸ் லேபரட்டரீஸ் என்ற மருந்து நிறுவனத்தின் வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. டாக்டர்களுக்குக் கொடுத்த இலவசங்களுக்கான சுமார் 4.72 கோடி ரூபாயை வியாபாரச் செலவாகக் காட்டி வரிச்சலுகை கேட்டிருந்தார்கள். 2022 பிப்ரவரியில் நீதிபதிகள் யு.யு. லலித், எஸ். ரவீந்திர பட் அமர்வு அதை மறுத்தது. வாங்குவது தவறு என்றால் கொடுப்பதும் அந்தத் தவறில் பங்குதான் என்பது தீர்ப்பின் சாரம். இலவசங்கள் என்றால் என்னென்ன என்று தீர்ப்பிலேயே இருக்கிறது: தங்கக் காசு, ஃப்ரிட்ஜ், டி.வி., வெளிநாட்டுப் பயணம்.

பாங்காக் குரூப் போட்டோவும் அதுவும் ஒன்றா என்று கேட்கலாம். பொருள் ஒன்றுதான். விளைவு வேறு. கேட்கிறவரால் சோதித்துப் பார்க்க முடியாத இடத்தில், சொல்கிறவர் கை சுத்தமாக இருந்தே ஆக வேண்டும்.

கோவை முன்பே கண்டுபிடித்த வழி

தனி மனிதரின் மன உறுதியை மட்டும் நம்பாமல் வேறு வழி உண்டா? அந்த வழியும் எங்கள் ஊரிலேயே இருக்கிறது. 1937-லேயே ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் மின்மோட்டார் செய்து காட்டிய ஊர் இது. இங்கே விற்கிறவரும் வாங்குகிறவரும் ஒரே தெருவில் இருப்பார்கள். யாரை நம்புவது என்ற கேள்வி இங்கே அன்றாடப் பிரச்சினை.

பீளமேடு பக்கம் அவிநாசி ரோட்டில் போகிறவர்களுக்கு ‘சிட்ரா’ என்ற பெயர் தெரியும். தென்னிந்திய ஜவுளி ஆராய்ச்சிச் சங்கம். 1956-ல் மில்கள் ஒன்றுசேர்ந்து, மத்திய அரசின் துணையோடு ஏற்படுத்தியது. பஞ்சையும் நூலையும் சோதித்துச் சொல்வதும், மில்களின் உற்பத்தித் திறனை ஒப்பிட்டுச் சொல்வதும் அதன் வேலைகள். இதில் கவனிக்க வேண்டியது, சந்தா கட்டுகிறவர்கள் இயந்திரத்தைப் பயன்படுத்துகிற மில்காரர்கள் என்பது. இயந்திரம் விற்கிறவர் கொடுக்கும் பட்டம் அங்கே தேவைப்படவில்லை.

பம்ப்செட்டுக்கு ‘சிடார்க்’ இருக்கிறது. இது தயாரிப்பாளர்கள் சங்கமான ‘சீமா’ முன்னின்று உருவாக்கிய சோதனைக்கூடம். தயாரிப்பாளர் பணத்தில் உருவானதை எப்படி நம்புவது? அங்கே பேசுவது ஆளின் அபிப்பிராயம் இல்லை. சப்மெர்சிபிள் பம்ப்செட்டுக்கென்று ஐ.எஸ். 8034 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. இத்தனை உயரத்துக்கு, இத்தனை லிட்டர், இவ்வளவு மின்சாரத்தில் வந்ததா என்று அளவு எடுக்கிறார்கள். யார் அளந்தாலும் அதே எண் வர வேண்டும்.

லாலி ரோட்டுப் பக்கம் வேளாண் பல்கலைக்கழகம் மூன்றாவது வழியைக் காட்டுகிறது. அதன் பயிர்ப் பரிந்துரையில் பூச்சிமருந்தின் வேதிப்பெயரும் அளவும்தான் இருக்கும். கடையில் கேட்டால் கம்பெனிப் பெயர் வரும். வேதிப்பெயரைத் துண்டுச்சீட்டில் எழுதிக்கொண்டு போகிற விவசாயி நான்கு கம்பெனி டப்பாவைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து விலை கேட்கலாம்.

பயன்படுத்துகிறவர் பணம் கொடுப்பது, அபிப்பிராயத்துக்குப் பதில் அளவு, பிராண்டுக்குப் பதில் பொருளின் பெயர். இந்த மூன்றும் இருக்கிற இடத்தில், ஷீல்டு வாங்கியவரும் தைரியமாகப் பேசலாம். அவர் சொன்னதைச் சரிபார்க்க வேறு ஒரு வழி இருக்கிறது.

சொல்லிவிட்டுப் பேசுங்கள்

சட்டமும் மெதுவாக இந்தப் பக்கம் வந்திருக்கிறது. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, தவறான விளம்பரத்துக்குத் துணைபோகிறவருக்கும் 10 லட்சம் ரூபாய்வரை அபராதம் விதிக்கலாம். திரும்பவும் செய்தால் 50 லட்சம்வரை. சமூக ஊடகத்தில் ஒரு பொருளைப் பரிந்துரைக்கிறவர், தனக்கும் கம்பெனிக்கும் உள்ள தொடர்பை மறைக்காமல் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு விளக்கக் குறிப்பு வெளியிட்டது. பணம் மட்டுமே தொடர்பு என்று அதில் சொல்லவில்லை. பயணம், ஹோட்டல் தங்கல், இலவசப் பொருள் ஆகியவற்றோடு விருதும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

வைண்டிங் கடையில் வாய்வார்த்தையாகச் சொல்வதை எந்த விதியும் எட்டாது. அங்கே கேட்க வேண்டியது நாம்தான். கேட்பதை மரியாதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. நல்ல மெக்கானிக் கோபித்துக்கொள்ள மாட்டார்.

நான் கேட்கப் பழகியிருப்பது மூன்று கேள்விகள். முதலாவது, “இந்தக் கம்பெனி உங்களுக்கு என்ன செய்யுதுங்க?” பயிற்சி, கமிஷன், டூர், எதுவானாலும் சொல்லட்டும். இரண்டாவது, “இதே கம்பெனியில எதை வாங்க வேண்டாம்னு சொல்லுவீங்க?” ஒரு பொருளை உண்மையிலேயே பிரித்துப் பார்த்தவருக்கு இதற்குப் பதில் இருக்கும். எல்லாமே நல்லது என்கிறவர் விளம்பரம் படிக்கிறார். மூன்றாவது, “வேற கம்பெனி பொருளும் உங்ககிட்ட ரிப்பேருக்கு வருதுங்களா?” வருகிறது என்றால் அவருக்கு ஒப்பிடத் தெரியும்.

பட்டம் வாங்கியவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. பட்டத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. அதோடு வருகிற பயிற்சியும் தகவலும் நாலு பேருக்குப் பயன்படட்டும். ஆனால், பிழைப்பு முழுவதையும் பட்டம் கொடுத்தவர் கையில் விட்டுவிடாதீர்கள். அது போனாலும் அடுப்பு எரியும் என்ற நிலை இருந்தால்தான் ‘இது வேண்டாமுங்க’ என்று சொல்ல வாய் வரும். சித்தப்பாவுக்கு டூர் போனதே ஒழிய, வைண்டிங் மேஜை போகவில்லை. அழைப்பு நின்ற பிறகு மற்றக் கம்பெனி மோட்டார்களும் மெல்ல அவர் கடைக்குத் திரும்பி வந்தன. “இப்பத்தான் மறுபடி கண்ணு தெரியுது” என்று அவர் கிண்டலாகச் சொன்னது உண்மையும்கூட.

அண்ணன் மகன் இப்போது எழுதும் ஒவ்வொரு குறிப்பின் மேலும் முதல் வரியாக, இந்தக் கம்பெனி எனக்குப் பட்டம் கொடுத்திருக்கிறது, இன்னின்ன சலுகைகள் வருகின்றன என்று போட்டுவிடுகிறான். “அதைப் போட்டதுக்கு அப்புறம் குறை எழுதறது சுலபமா இருக்கு அத்தை. படிக்கிறவங்க நான் குறை சொல்வேனான்னு பாத்துட்டே இருக்காங்க” என்றான். பட்டம் இந்த வருடமும் புதுப்பிக்கப்பட்டிருக்கிறது. அடுத்த வருடம் எப்படியோ, பார்க்கலாம்.

நீங்கள் அடுத்து மோட்டாரோ கிரைண்டரோ செல்போனோ வாங்கப் போகும்போது, அந்த இரண்டாவது கேள்வியை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள். பதில் சொல்வதற்கு எவ்வளவு நேரம் எடுத்துக்கொள்கிறார் என்பதிலேயே பாதி விஷயம் தெரிந்துவிடும்.